தென்காசி கடைக்கு ஒரு படம் பண்ணிக் குடுத்த கதை: மிக்ஸட் மீடியா ஆரம்பிக்கப் போறவங்களுக்கு

மிக்ஸட் மீடியான்னா தாள், பெயிண்ட், ரிப்பன், தகடுன்னு பலதையும் ஒரே பலகைல சேத்துப் பண்ணுத படம். படம் வரையத் தெரியாதவங்க கூட பண்ணலாம், வெட்டுங்க, ஒட்டுங்க, மேல கொஞ்சம் பெயிண்ட் தடவுங்க, முடிஞ்சிச்சுன்னுதான் எல்லா வீடியோவுலயும் சொல்லுதாங்க. வரையத் தெரிய வேண்டாம்ங்கது உண்மைதான், அத நான் மறுக்கல. ஆனா ஒண்ணு மேல ஒண்ணு போடும்போது கீழ இருக்கது சும்மா இருக்குமான்னு ஒருத்தரும் சொல்லல. பேப்பர் மேல பசை, பசை மேல பெயிண்ட், அது மேல வார்னிஷ், அதுக்கும் மேல ரிப்பன், தகடு, பாசின்னு போய்ட்டே இருக்கும்போது ஒவ்வொண்ணும் கீழ இருக்கதோட சண்டை போடுது. அந்தச் சண்டைல எனக்கு அஞ்சாயிரத்துச் சொச்சம் ரூவாயும் ஒரு ஆடி மாசம் முழுசும் போச்சு. நடுவுல ரெண்டு மட்டம் அழுதிருக்கேன், அதையும் சொல்லிருதேன்.

நாங்க பாளையங்கோட்டைல இருக்கோம். என் தம்பி தென்காசில டீக்கடை போடுதேன்னான், சும்மா டீக்கடை இல்லயாம், உள்ள உக்காந்து சாப்பிடுத மாதிரி, செவுரெல்லாம் பழைய காலத்து சாமானா இருக்கணுமாம். "எக்கா, ஒனக்குத்தான் கைவேலை வருமே, மூணுக்கு ரெண்டு அடில ஒண்ணு பண்ணிக் குடேன், இலங்கை வானொலி, பாட்டுப் புஸ்தகம், தீப்பெட்டி, கேசட்டு எல்லாம் கலந்து கட்டி இருக்கணும்"னான். எனக்குத் தெரிஞ்ச கைவேலை மார்கழிக் கோலமும் கொலுவுக்கு பார்க் கட்டுததும்தான். ஆனா கேட்டதும் ஆசை வந்துட்டு. ஆடில யாரு கடை தெறப்பா, ஆவணில ஒரு நல்ல நாள் பாத்து குறிச்சிருந்தான், ஒரு மாசம் கையில இருக்கேன்னு சரின்னுட்டேன்.

இந்த வெட்டி ஒட்டுத வித்தை வெளிநாட்டுல பெரிய பேர் வாங்கினது, 1956ல இங்கிலாந்துக்காரர் ரிச்சர்ட் ஹாமில்டன் பத்திரிகைப் படங்கள வெட்டி ஒட்டிப் பண்ணின ஒரு படத்ததான் பாப் ஆர்ட்டுக்கு, அதாவது விளம்பரம், சினிமா மாதிரி அன்றாடப் படங்கள வச்சுப் பண்ணுத கலைக்கு, தொடக்கம்னு நெறய பேர் சொல்லுவாங்க. எங்க அத்தைட்ட இதக் காட்டினா, "இதென்ன அதிசயம், எங்கம்ம கிருஷ்ணர் படத்துக்கு ஜிகினாவும் ஜரிகையும் ஒட்டி சட்டையே போட்டுருந்தா"ன்னாக. யோசிச்சுப் பாத்தா தஞ்சாவூர் படமும் அதானே, பலகை, துணி, சுண்ணாம்புப் பொடிய பசைல கொழச்சு மேடு கட்டுதது, தங்க ரேக்கு, கண்ணாடிக் கல்லு, அதுக்கு மேல பெயிண்ட். அதுல எது மொதல்ல எது பொறவுங்கத தலைமுறை தலைமுறையா கை பழக்கி வச்சிருக்காங்க. நமக்கு அப்பிடி சொல்லித் தர ஆள் இல்ல, வீடியோ பாத்துதான் பண்ணுதோம், அந்த வீடியோவ எடுத்தவங்க ஊர்ல ஆடிக் காத்தும் கெடையாது குத்தாலச் சாரலும் கெடையாது.

சாமான் வாங்கினத சீக்கிரம் சொல்லிருதேன். ஆன்லைன்ல "பிகினர் கிட்"னு ஒண்ணு, ஆயிரத்தித் தொள்ளாயிரம் ரூவா. தெறந்தா கைக்கு அடக்கமா ஒரு டப்பா ஜெசோ, ஒரு குட்டி பாட்டில் பசை, பாதி எனக்குத் தேவையே இல்லாத ஸ்டென்சில். ஜெசோன்னா வேற ஒண்ணுமில்ல, பலகை பெயிண்ட்ட உறிஞ்சாம இருக்கதுக்கு மொதல்ல அடிக்கிற வெள்ளைப் பூச்சு. மூணுக்கு ரெண்டு பலகைக்கு அந்த டப்பா ஒரு கோட்டுக்கே பத்தல. பெயிண்ட் கடைல செவுத்துக்கு அடிக்கிற தண்ணி பிரைமர் வாங்கி அடிச்சேன், வேலை செஞ்சிச்சு. ஆரம்பிக்கிறவங்க கிட் வாங்காதீங்க, அவ்வளவுதான்.

இதுல சந்தோஷமான பகுதின்னா சாமான் சேத்ததுதான். கோவில்பட்டில எங்க பெரியம்மை வீடு, அங்க சுத்தி எல்லாம் தீப்பெட்டி ஆபீஸு. ஒரு தாத்தா பழைய லேபிள்கள ஒரு பிஸ்கட் டின்ல போட்டு வச்சிருந்தாரு, அணில், கோழி, சாவி, விமானம்னு எத்தன படம். பெட்டி ஒரு ரூவால இருந்து ரெண்டு ரூவா ஆனது 2021 டிசம்பர்ல, அதுக்கு முந்துன லேபிள் எது பிந்துனது எதுன்னு வெலையப் பாத்தே அவர் பிரிச்சு வச்சிருக்காரு. நான் எடுத்துக்கிட்டுமான்னு கேட்டதுக்கு, "கொண்டு போயி ஜெராக்ஸ் எடுத்துட்டு குடுத்துரு தாயி"ன்னு ஒத்த வார்த்தைல முடிச்சிட்டாரு. அப்ப எனக்கு கொஞ்சம் வருத்தமாத்தான் இருந்துச்சு, இப்ப அவர கையெடுத்துக் கும்பிடுதேன். அதே ஊர்ல இருந்துதான் கொண்டையராஜு சாமி படம் போட்டாரு, 1976ல எறந்துபோனாரு, அவரும் அவர் சிஷ்யப்பிள்ளைகளும் வரைஞ்சு சிவகாசில அச்சடிச்ச காலண்டர் இல்லாத வீடு நம்ம பக்கம் அப்ப எங்க இருந்துச்சு. அந்தக் காலண்டர் ஒண்ணும் கெடச்சிது. ஆச்சி டிரங்குப் பெட்டில பாட்டுப் புஸ்தகம், தமிழ்நாட்டுல 2003ல நிப்பாட்டுன லாட்டரிச் சீட்டு, ஒரு கட்டு கேசட்டு. பத்தமடைப் பாய் ஓரம் கிழிஞ்சது ஒண்ணு.

இங்கன ஒரு விஷயத்த அழுத்திச் சொல்லுதேன். ஒரிஜினல ஒட்டவே ஒட்டாதீங்க. மனசுக்காகச் சொல்லல, அது சரியா வரவும் செய்யாது. பாட்டுப் புஸ்தகம் அடிச்ச மட்டமான தாள்லயும் நியூஸ் பேப்பர்லயும் மரத்துல நார சேத்துப் பிடிக்கிற லிக்னின்ங்க பொருள் அப்பிடியே இருக்கும், வெளிச்சம் பட்டா பழுத்து முறிஞ்சு உதுந்துரும். பசை வேற பட்டா பின்பக்கத்து எழுத்து முன்னால தெரியும். நகல் எடுத்து ஒட்டுனா நல்ல தாள்ல எடுத்துக்கலாம், அளவு பெருசு சின்னது பண்ணிக்கலாம், போச்சுன்னா இன்னொண்ணு எடுத்துக்கலாம்.

ஆனா நகல்லயும் கண்ணி இருக்கு. பக்கத்துல ஒரு பிரிண்ட் கடைல கலர்ல எடுத்துட்டு வந்து, ஃபெவிகால்ல தண்ணி கலந்து தடவுனேன், தடவ தடவ செவப்பும் நீலமும் ஓடுது. அணிலு கோழி எல்லாம் ஒரே கலங்கல். அன்னைக்கு ராத்திரி சமைக்கவே இல்ல, இவுக போயி பரோட்டா வாங்கிட்டு வந்தாக. மறுநா கடைக்காரர்ட்ட கேட்டா அது இங்க்ஜெட்டுன்னாரு. இங்க்ஜெட்ல அடிக்கிறது பெரும்பாலும் தண்ணில கரையுத சாயம், ஈரப்பசை பட்டா ஓடத்தான் செய்யும். லேசர் பிரிண்ட்டோ கலர் ஜெராக்ஸோ அப்பிடி இல்ல, அது டோனர் பொடிய சூட்டுல உருக்கி தாள்ல ஒட்ட வைக்கிறது, தண்ணிக்கு அசையாது. கடைக்குப் போனதும் மொத கேள்வியே "அண்ணாச்சி, இது லேசரா இங்க்ஜெட்டா"ன்னு கேளுங்க. அவங்களுக்கே தெரியலன்னா ஒரு துண்டு வாங்கி வெரல நக்கி தேச்சுப் பாருங்க, வெக்கப்படாதீங்க. டிரான்ஸ்ஃபர்னு ஒண்ணு இருக்கு, படத்த கவுத்தி ஒட்டி காஞ்ச பொறவு தாள மட்டும் தண்ணி தொட்டு தேச்சு எடுத்துருதது, மை மட்டும் பலகைல நிக்கும், பாக்க அவ்வளவு அழகு. அதுக்கும் டோனர்தான் வேணும், அதோட கடைல சொல்லி கண்ணாடில தெரியுத மாதிரி இடவலம் மாத்தி எடுக்கணும். மொகம் மட்டும் இருக்க படத்துல மாறுனது தெரியாது, "இலங்கை வானொலி"ன்னு எழுதிருந்தா தெரியாம இருக்குமா.

பலகை விஷயத்துக்கு வாரேன். தச்சாசாரி ஒருத்தர்ட்ட ஹார்ட்போர்டு வாங்கி ஒரு பக்கம் மட்டும் பிரைமர் அடிச்சு படம் ஒட்டி வச்சேன். காலைல பாத்தா பொரிச்ச கல்லிடைக்குறிச்சி அப்பளம் கணக்கா வளைஞ்சு நிக்கி. ஒரு பக்கம் ஈரம் குடிச்சு பொறவு காஞ்சு சுருங்குது, மறுபக்கம் சும்மா கெடக்கு, அப்ப இழுக்கத்தான செய்யும். ஆறு எம்எம் எம்டிஎஃப் (மரநார அமுக்கிச் செஞ்ச பலகை) வாங்கிக்கோங்க, எனக்கு எரநூத்தி அறுவது ஆச்சு. முன்பக்கம், பின்பக்கம், முக்கியமா வெட்டுன நாலு ஓரம், எல்லாத்துக்கும் பிரைமர் ரெண்டு கோட்டு. ஓரத்துல விட்டுட்டோம்னா ஈரம் அங்கன பூந்து பலகை ஊதிரும். முன்பக்கம் முழுசா தாள் ஒட்டுனா பின்பக்கமும் சும்மா ஒரு பழுப்புத் தாள் ஒட்டிருங்க, ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இழுத்துக்கிட்டா நேரா நிக்கும்.

சுருக்கம் விழாம ஒட்டுததுக்கு ஒரு பழக்கம் இருக்கு. பசை பட்டதும் தாள் விரியும், விரியுறதுக்குள்ள ஒட்டிட்டா பொறவு விரிஞ்சு மடிப்பு விழும். அதுனால தாளுக்குப் பின்னாடி பசை தடவி ரெண்டு மூணு நிமிஷம் அப்பிடியே விட்டுருங்க, விரிஞ்சு முடியட்டும், பலகைலயும் தடவி நடுவுல இருந்து ஓரத்துக்கு பழைய ஏடிஎம் கார்டால பைய தள்ளுங்க. அத்தை மைதா பசை காச்சித் தாரேன்னாக. சினிமா போஸ்டர் ஒட்டுதவங்க அதத்தான காச்சுதாங்க, அதத்தான மாடு நக்கித் திங்குது. மாடு திங்குதத கரப்பானும் ராமபாணப் பூச்சியும் திங்காதா. பைண்டிங் பண்ணுதவங்க அந்தப் பசைல மயில்துத்தம் போடுவாங்க, பூச்சி வராது, ஆனா அது வெஷம், பிள்ளைக இருக்க வீட்டு அடுப்படில வேண்டாம்னு நான் விட்டுட்டேன். தென்காசி ஈரத்துக்கு ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசைதான் சரி.

பெயிண்ட்ல என்ன ஆச்சுன்னா, மகளோட ஸ்கூல் பாக்ஸ்ல போஸ்டர் கலர் கெடந்துச்சு, அத எடுத்து பின்னணி பூரா மஞ்சளும் ஆரஞ்சுமா அடிச்சேன், நல்லா பளிச்சுன்னு இருந்துச்சு. காஞ்ச பொறவு மேல தண்ணி வார்னிஷ் பிரஷ்ஷால இழுத்தா, மஞ்சளும் கூடவே வருது, கறுப்பு எழுத்து மேலெல்லாம் சேறு. போஸ்டர் கலர் எத்தன நாள் காஞ்சாலும் தண்ணி பட்டா திரும்ப கரையும். அக்ரிலிக் காஞ்சிட்டா பிளாஸ்டிக் தோல் மாதிரி ஆயிரும், பொறவு தண்ணிக்கு அசையாது (பிரஷ்ஷ உடனே கழுவாட்டா பிரஷ்ஷும் அசையாது). ஆரம்பிக்கிறவங்க வெலையப் பாத்து போஸ்டர் கலர் பக்கம் போகாதீங்க, அக்ரிலிக்ல செவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, பெரிய வெள்ளை ஒண்ணு, இது போதும்.

பலகைக்கு நடுவுல ஒரு ரேடியோ மேடா நிக்கணும்னு தெர்மகோல்ல வெட்டி வச்சிருந்தேன். அத வெட்டி, மூலைய தேச்சு, திருகு பட்டன் எல்லாம் வச்சு ஒப்பேத்துததுக்குள்ள எனக்கு கை வலி கண்டுட்டு. ஹார்ட்வேர் கடைல சில்வர் ஸ்ப்ரே வாங்கி மாடில வச்சு அடிச்சேன், சொன்னா நம்ப மாட்டீங்க, கண்ணு முன்னால உருகி ஓட்டை ஓட்டையா உள்ள போவுது. ஸ்ப்ரேல இருக்க கரைப்பான் தெர்மகோல கரைச்சிரும்னு அந்த டின்லயும் போடல, தெர்மகோல்லயும் போடல. அங்கனயே மாடிப்படில உக்காந்து அழுதேன், பக்கத்து வீட்டு மதினி என்னமோ ஏதோன்னு ஓடி வந்தா. பொறவு அட்டைய அடுக்கடுக்கா ஒட்டி ரேடியோ பண்ணேன், அதுதான் இப்ப இருக்கது. தெர்மகோல்தான் வேணும்னா மொதல்ல வெள்ளைப் பசையும் தாளும் சேத்து முழுசா மூடி, காஞ்ச பொறவு அக்ரிலிக்க பிரஷ்ஷால அடிங்க, ஸ்ப்ரே பக்கமே போகாதீங்க.

கேசட் ரிப்பன ரேடியோல இருந்து பாட்டு வழியுத மாதிரி விடணும்னு தம்பி ஆசப்பட்டான். வெள்ளைப் பசைல ஒட்டுனா ராத்திரி நிக்கும், காலைல சுருண்டு கீழ கெடக்கும். அது பசையோட குத்தமில்ல, வெள்ளைப் பசை மரத்துலயும் தாள்லயும் ஊறிப் பிடிக்கிறது, ரிப்பன் பாலியெஸ்டர், ஊற எடமே இல்ல. செருப்புக் கடைல யூஸ் பண்ணுத மஞ்சள் ரப்பர் பசைய ரெண்டு பக்கமும் லேசா தடவி, கைல ஒட்டாத அளவுக்கு காய விட்டு, பொறவு அமுக்குனா ஒரே பிடி. நெடி தலைய சுத்தும், சன்னல் தெறந்து வச்சு பிள்ளைகள வெளிய அனுப்பிட்டு பண்ணுங்க, பக்கத்துல வெளக்கு, அடுப்பு எதுவும் எரியக்கூடாது. பத்தமடைப் பாய வெட்டும்போது கோரை பிரிஞ்சுரும், வெட்டப் போற கோட்டுல மொதல்ல வெள்ளைப் பசை தடவி காஞ்ச பொறவு வெட்டுங்க, பிசிறு வராது.

இனி ரெசின், அதாவது ஹார்டனர்னு இன்னொண்ண கலந்து ஊத்துனா இறுகி கண்ணாடி மாதிரி ஆகுத திரவம். மேல கண்ணாடி கணக்கா மினுங்கணும்னு ஆயிரத்து நானூத்தி அம்பது ரூவாய்க்கு வாங்கினேன். ரெசினும் ஹார்டனரும் சொன்ன அளவுக்கு அப்பிடியே கலக்கணும், கம்பெனிக்கு கம்பெனி அது மாறும், சிலது எடைல சொல்லுவாங்க, சிலது அளவுல சொல்லுவாங்க, ரெண்டும் ஒண்ணு இல்ல. ஹார்டனர் கூடப் போட்டா சீக்கிரம் காயும்னு ஒரு வீடியோவுல சொன்னாங்க, அது சுத்தப் பொய், மிச்சம் இருக்கது கலக்காம அப்பிடியே பிசுபிசுன்னு நிக்கும். நல்லவேளை நேரா பலகைல ஊத்தாம அட்டைத் துண்டுல ஊத்திப் பாத்தேன். மாடி ரூம்ல சன்னல சாத்தி வச்சிருந்தும் அந்த ஆடிக் காத்து எங்கன பூந்துச்சோ, காலைல பாத்தா பூரா மண்ணும் முடியும் ரெண்டு ஈயும். மேல பிசுக்கு வேற. காத்துல ஈரம் இருந்தா அப்பிடி ஆகும்னு பொறவுதான் படிச்சேன். மிச்சத்த அப்பிடியே மூடி வச்சுட்டேன். கையுறை, அந்த ஆவிக்குன்னே இருக்க மாஸ்க், தூசி இல்லாத ரூம், இது மூணும் இல்லாம ரெசின தொடாதீங்க, கலக்குத கப்பு கரண்டிய திரும்ப அடுப்படிக்கு கொண்டு போகவும் செய்யாதீங்க. நான் கடைசில தண்ணி வார்னிஷ் மெல்லிசா மூணு கோட்டு அடிச்சேன், ஒவ்வொண்ணும் நல்லா காஞ்ச பொறவு, காத்து அடங்குன ராத்திரில. எரநூறு ரூவாதான், பாக்க நல்லாத்தான் இருக்கு.

இதெல்லாத்துக்கும் ஒரே வழிதான் கண்டுபிடிச்சேன். பலகைல மிஞ்சுன துண்டுல அதே பிரைமர், அதே தாள், அதே பசை, அதே பெயிண்ட், அதே வார்னிஷ்னு அதே வரிசைல ஒரு சாண் அளவுக்கு மொதல்ல பண்ணி ஒரு நா வச்சுப் பாக்கணும். ஓடுதா, உரியுதா, வளையுதா எல்லாம் அதுலயே தெரிஞ்சுரும். கிட்டு, ஸ்ப்ரே, ரெசின், ஓடிப்போன பிரிண்ட்டு எல்லாம் கழிச்சுட்டா அந்தப் படத்துக்கு உண்மைல ஆன செலவு ஆயிரத்து ஐநூறு கூட வராது.

கடை தெறந்த அன்னைக்கே ஒருத்தர், எனக்கும் ஒண்ணு வேணும், நடுவுல ரஜினி படம் வச்சு பண்ணித் தருவீங்களா, காசு தாரேன்னாரு. வீட்டுல மாட்ட நமக்கு நாமளே பண்ணுதது வேற, விக்கிறது வேற. 2023 ஜனவரில ரஜினியோட பேரு, படம், குரல் எதையும் அனுமதி இல்லாம வியாபாரத்துக்கு பயன்படுத்தக் கூடாதுன்னு அவர் வக்கீல் நோட்டீஸே விட்டுருக்காரு. அமெரிக்கக் கலைஞர் ஆண்டி வார்ஹோல் ஒரு பாடகர் மொகத்த வச்சு பண்ணுன படத்துக்கே, அதுக்கு மூலமா இருந்த போட்டோவ எடுத்த லின் கோல்ட்ஸ்மித்துக்கு சாதகமா அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 2023 மே மாசம் தீர்ப்பு சொல்லிச்சு. நம்ம ஊர் சட்டத்துல போட்டோவுக்கு காப்பிரைட் அத எடுத்தவர் இருக்க வரைக்கும், அவர் எறந்த அடுத்த வருஷத்துல இருந்து இன்னும் 60 வருஷம். அதுனால விக்கணும்னா ரேடியோ, டம்ளர், சைக்கிள், திருவிழா ராட்டினம்னு நீங்களே எடுத்த போட்டோவ வச்சு பண்ணுங்க. நான் அந்தக் கேட்டவர்ட்ட இப்போதைக்கு முடியாதுன்னு சொல்லிட்டேன்.

கடைசியா மாட்டுத விஷயம். சாரல் அடிக்கிற பக்கத்துச் செவுரு எப்பவும் ஈரமா இருக்கும், அதுல ஒட்டி மாட்டுனா பின்னாடி பூஞ்சை பிடிக்கும். பலகைக்குப் பின்னாடி நாலு மூலைலயும் ரப்பர் வாஷர் ஒட்டி செவுத்துக்கும் பலகைக்கும் நடுவுல காத்து போக எடம் விட்டோம். நேர் வெயில் படுத எடமும் டீ பாய்லர் ஆவி அடிக்கிற எடமும் வேண்டாம்னு தம்பிட்ட சொல்லி கல்லாவுக்குப் பின்னாடி மாட்டியாச்சு. இப்ப மேசை ஒவ்வொண்ணுலயும் தீப்பெட்டி லேபிள் வச்சு மேல ரெசின் ஊத்தித் தரணுமாம். பாதி பாட்டில் வீட்டுல சும்மாத்தான கெடக்குங்கான். அத வேணும்னா நீயே வந்து எடுத்துட்டுப் போயி ஊத்திக்கோன்னுட்டேன்.